காய்ந்த இலைகளைக் காப்பாற்றியவர் துரோகியா? பூமலையில் வாழ்ந்த கார்னரின் கதை

தேக்கா சந்தையில ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்குறீங்க. பையிலேயே மறந்துட்டா ரெண்டே வாரத்துல சருகு. குப்பைக்குத்தான் போகும்.

அதே கொத்தைச் செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்தி, உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று ஓரத்தில் எழுதிவைத்தால்? அது அறிவியல் சான்று. நூறு ஆண்டு கழித்தும் ஆய்வாளர்கள் தேடி வருவார்கள்.

அப்படிப்பட்ட தாள்கள் சிங்கப்பூரில் 750,000க்கும் மேல் இருக்கின்றன. பூமலையில், தங்ளின் நுழைவாயில் பக்கம் உள்ள ஹெர்பேரியத்தில், அதாவது உலர்தாவரக் காப்பகத்தில். அவற்றில் பழையவை 1942இல் ஒரேயடியாக அழிந்திருக்கக்கூடும். அழியாமல் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் எட்ரெட் ஜான் ஹென்றி கார்னர். அதற்காகவே அவரைத் துரோகி என்று ஏசியவர்கள் உண்டு.

குரங்கை வேலைக்கு வைத்தவர்

கார்னர் 1906இல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1929இல் பூமலையின் துணை இயக்குநராக இங்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 23. காளான் ஆராய்ச்சிதான் அவருடைய துறை. ஆனால் இந்த வட்டாரத்துக் காட்டு மரங்கள் அவரை இழுத்துக்கொண்டன.

அதில் ஒரு சிக்கல். பூவும் காயும் இருந்தால்தான் ஒரு மரத்தை உறுதியாக அடையாளம் காணமுடியும். அவையோ எட்டாத உச்சியில் இருக்கும். மரத்தை வெட்டாமல் எப்படி எடுப்பது? கிளந்தானில் தேங்காய் பறிக்கப் பழக்கப்படும் 'பேரோக்' குரங்குகள் அவர் நினைவுக்கு வந்தன. அவற்றுக்குப் பயிற்சி கொடுத்தார். கீழிருந்து மலாயில் கட்டளை போட்டால் மேலே கொப்பை ஒடித்துப் போடும். ஹெர்பேரியத்தில் இருக்கும் சில மாதிரிகளைச் சேகரித்தது உண்மையில் குரங்குகள்தான்!

1940இல் மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றி இரண்டு தொகுதிகளில் ஒரு நூல் எழுதினார். சாதாரண ஆட்களும் மரங்களை அடையாளம் காண உதவும் நூல் அது.

சரி, காய்ந்த இலைக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

புதிய செடி ஒன்றுக்கு அறிவியல் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயர் ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு கட்டிவைக்கப்படும். பிறகு சந்தேகம் வந்தால் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்க்கவேண்டும். பிறப்புச் சான்றிதழ் மாதிரி. காடு அழிந்து வீவக வீடுகள் வந்துவிட்ட ஓர் இடத்தில் முன்பு என்ன வளர்ந்தது என்பதையும் அந்தத் தாள்தான் சொல்லும்.

போர் அதையெல்லாம் பார்க்காது. 1943இல் பெர்லின் ஹெர்பேரியத்தில் குண்டு விழுந்து பெரும்பகுதி எரிந்துபோனது. 1945இல் மணிலாவின் ஹெர்பேரியமும் அழிந்தது.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி ஜப்பானியரிடம் வீழ்ந்தது. நகரில் கொள்ளை தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் கார்னர், ஆளுநர் ஷென்டன் தாமஸைச் சந்தித்தார். அறிவியல் தொகுப்புகளையும் நூலகங்களையும் காக்கும்படி ஜப்பானியரைக் கேட்டுக்கொள்ளும் ஒரு குறிப்பை வாங்கிக்கொண்டு ஜப்பானிய அதிகாரிகளிடம் போனார்.

கேட்டது கிடைத்தது. எரிமலை ஆய்வாளர் ஹிடெஸோ தனகடாதே பூமலையையும் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தையும் பொறுப்பேற்றார். பிறகு ஷோகன் வம்சத்தில் வந்த டோக்குகாவா பிரபுவும் ஆதரவு தந்தார். கியோத்தோவிலிருந்து வந்த தாவரவியல் பேராசிரியர் குவான் கோரிபா பூமலையின் இயக்குநரானார். கார்னரும், பூமலையின் முந்தைய இயக்குநர் ஹோல்ட்டமும் அவர்களின் கீழ் வேலை பார்த்தார்கள். யாருமில்லாத வீடுகளில் கிடந்த புத்தகங்களைக்கூடச் சேகரித்து நூலகத்தில் சேர்த்தார்கள்.

இங்கேதான் பிரச்சினை. மற்ற ஆங்கிலேயர்கள் சாங்கிச் சிறையில் பசியோடு கிடந்தார்கள். கார்னர் வெளியே, எதிரியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். உள்ளே இருந்தவர்களுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? பழிச்சொல் போருக்குப் பிறகும் அவரை விடவில்லை.

நம் பக்கமிருந்து பார்த்தால் கேள்வி இன்னும் கனமானது. சுக் சிங் படுகொலையில் ஆயிரக்கணக்கான சீனர்கள் கொல்லப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில்பாதையில் மாண்டார்கள். செத்த பலருக்குப் பெயர்ப் பதிவுகூட இல்லை. காய்ந்த இலைக்குப் பெயர், ஊர், தேதி எல்லாம் பத்திரமாக இருந்தன. இது உறுத்தத்தான் செய்கிறது.

ஆனாலும் கார்னரைத் துரோகி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சிறைக்குப் போயிருந்தால் ஓர் உயிரும் கூடுதலாகப் பிழைத்திருக்காது. தாள்கள்தான் போயிருக்கும். அவை ஆங்கிலேயரின் சொத்தாக இருந்தன, ஜப்பானியர் கைக்கு மாறின. இப்போது நம்முடையவை.

போருக்குப் பிறகு அவர் இங்கே நிலைக்கவில்லை. யுனெஸ்கோவில் சில காலம், அப்புறம் கேம்பிரிட்ஜ். 1949இல் டுரியான் கோட்பாட்டை வெளியிட்டார். பூக்கும் மரங்களின் ஆதி வடிவம் டுரியான் போன்ற பழங்களைக் கொண்டிருந்திருக்கும் என்பது அவருடைய ஊகம். அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. (டுரியானை வெறுப்பவர்களும்தான்!)

1981இல் அந்த ஆண்டுகளைப் பற்றிய தன் நினைவுகளை நூலாக வெளியிட்டார். தலைப்பில் டோக்குகாவா பிரபுவைத்தான் வைத்தார். 1985இல் ஜப்பான், பேரரசர் ஹிரோஹித்தோவைச் சிறப்பிக்க அனைத்துலக உயிரியல் பரிசை ஏற்படுத்தியது. முதல் பரிசு கார்னருக்கு. பழையபடி முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். 1996இல், 90 வயதில் காலமானார்.

பூமலையில் அவர் குடியிருந்த கறுப்பு வெள்ளை பங்களா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பூமலையின் செடிக்கூடத்தருகே செங்கல் படிகளும் உண்டு. ஆஸ்திரேலியப் போர்க் கைதிகள் கட்டியவை. சில கற்களில் அம்புக்குறி தெரியும். தாங்கள் கைதிகள் என்பதற்கு அவர்கள் விட்டுச்சென்ற அடையாளம் அது. அடுத்த முறை போனால் குனிந்து பாருங்கள்.