வீடுதோறும் சாமி படம் தந்த கோவில்பட்டி ஓவியர்

கோவில்பட்டி என்றதும் கடலை மிட்டாய் நினைவுக்கு வரும். அடுத்து, தீப்பெட்டி. ஆனால் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளின் சுவரை அலங்கரித்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் இந்த ஊரிலிருந்து புறப்பட்டவர்கள்தான். இது பலருக்குத் தெரியாது.

அந்தப் படங்களை வரைந்தவர் சி. கொண்டையராஜு.

படம் வரைகிறவருக்கு என்ன கஷ்டம்? நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை. கை போன போக்கில் வர்ணம் பூசலாம். பெயரும் பணமும் தானாக வந்து சேரும். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். கொண்டையராஜு பட்ட பாட்டைக் கேட்டால் அந்த நினைப்பு மாறிவிடும்.

படித்தது ஒன்று, பிழைப்பு வேறு

அவர் கரிசல் காட்டில் பிறந்தவர் அல்ல. 1898-ம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தார். வெள்ளைக்காரர்கள் ஏற்படுத்திய பள்ளி அது. வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே படும், எலும்பும் சதையும் எப்படி அமைந்திருக்கும் என்பதையெல்லாம் அங்கே கற்றுக் கொடுத்தார்கள்.

படிப்பு முடிந்தது. ஆனால் மனம் துறவின் பக்கம் திரும்பியது. திருவண்ணாமலைக்குப் போனார். ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். கடைசி வரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

துறவியாக நினைத்தவரைத் தூரிகை விடவில்லை. நாடகக் கம்பெனி ஒன்றில் படுதா எழுதும் வேலையில் சேர்ந்தார்.

நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்ட காலம் அது. அரண்மனை, காடு, தெரு, நந்தவனம் என்று ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் ஒரு படுதா தொங்கும். கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெளிவாகத் தெரிய வேண்டும். ராஜா வருவதற்கு முன்பே இது ராஜசபை என்று தெரிந்துவிட வேண்டும். ராஜா வேஷம் போட்டவருக்குக் கைதட்டல் உண்டு. படுதா எழுதியவரை யார் தேடினார்கள்?

கம்பெனி கலைந்தது

1942-ம் ஆண்டு வாக்கில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோயிற்று. இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சினிமாவும் நாடகத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கொண்டையராஜுவுக்கு வயது நாற்பத்து நாலு. குடும்பம் இல்லை. வேலை போய்விட்டது. இருப்பதோ சொந்த ஊர் அல்ல. வேறு யாராக இருந்தாலும் சென்னைக்கு ரெயில் ஏறியிருப்பார்கள். அவர் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார்.

சீடர்கள் சேர்ந்தார்கள். ஸ்டூடியோ நடந்தது. போட்டோ என்றால் அப்போது கறுப்பு-வெள்ளைதான். அதற்குக் கையால் வர்ணம் தீட்டுவார்கள். முகத்தில் உள்ள வடுவை மறைப்பார்கள். இறந்துபோன அப்பாவின் பழைய போட்டோவைக் கொண்டு வந்து, பெரிய படமாகச் செய்து தரும்படி கேட்பவர்களும் உண்டு. இதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. ஓவியர் அந்த மனிதரைப் பார்த்தவர் அல்ல. படத்தை வாங்க வருகிற மகனோ அவரைத் தினம் பார்த்தவன். மீசை ஒரு நூல் பிசகினாலும் அது அவன் அப்பா அல்ல.

வறண்ட பூமி தந்த வேலை

கோவில்பட்டிக்கு வடக்கே, சாத்தூரைத் தாண்டினால் சிவகாசி. எல்லாம் மழை குறைந்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும்தான் விளையும். ஆனால் அந்த வறட்சியே தீப்பெட்டித் தொழிலுக்கு உதவியது. மருந்து தோய்த்த குச்சி சீக்கிரம் காய்ந்தது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் அந்தத் தொழிலைக் கற்று வந்தார்கள்.

தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் வந்த பிறகு காலண்டர் வந்தது.

அதற்கு முன்பு சாமி படம் வடக்கே இருந்துதான் பெரும்பாலும் வந்தது. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியவர். இப்போது சிவகாசிக்கே ஓவியர் தேவைப்பட்டார். பக்கத்து ஊரில் கொண்டையராஜு இருந்தார்!

சாமி முகம்

காலண்டர் படம் வரைவது விளையாட்டல்ல. ஓவியரின் இஷ்டம் அங்கே செல்லாது. முருகனுக்கு வலப்புறம் வள்ளி, இடப்புறம் தெய்வானை. லட்சுமிக்குச் செம்பட்டு, சரஸ்வதிக்கு வெள்ளைப் பட்டு. மதுரை மீனாட்சியின் மேனி பச்சை. ஒன்று மாறினாலும் வீட்டுப் பாட்டி கண்டுபிடித்துவிடுவார்.

முகம் சாந்தமாக இருக்க வேண்டும். உக்கிரமான சாமியை நடுவீட்டில் மாட்ட ஜனங்கள் யோசிப்பார்கள். படத்தில் உள்ள கண் எதிரே நிற்பவரைப் பார்க்க வேண்டும். விளக்கு ஏற்றுகிறவர் அந்தக் கண்ணைத்தானே பார்க்கிறார்!

நேரமும் ஓவியர் கையில் இல்லை. ஜனவரியில் சுவருக்கு வரும் காலண்டருக்கு, முந்தைய ஆடிப் பெருக்கன்றே சிவகாசியில் மாதிரி ஆல்பம் போடுவார்கள். இன்றும் அதுதான் வழக்கம். வியாபாரிகள் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் தருவார்கள். அச்சு வேலைக்கும் நாள் வேண்டும். ஆகவே, அதற்கும் வெகு முன்பே ஓவியர் படத்தை முடித்திருக்க வேண்டும்.

சென்னையில் படித்ததும் கொட்டகையில் பழகியதும் இங்கே ஒன்று சேர்ந்தன. அவருடைய மீனாட்சி கல்யாணம் படத்தைப் பாருங்கள். எல்லோரும் மேடையில் நிற்பது போல நம்மைப் பார்த்து நிற்பார்கள். ஆனால் கன்னத்தில் சதை உண்டு. பட்டில் மடிப்பு உண்டு. நகையில் கனம் உண்டு. அவருடைய கஜலட்சுமியும் இப்படித்தான் வீடு வீடாகப் போனாள்.

இரண்டு கையெழுத்து

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படத்துக்கு ஒரு தடவைதான் பணம். அது ஆயிரம் அச்சானாலும் லட்சம் அச்சானாலும் ஓவியருக்கு வருவது அதே தொகைதான். ஒரு படம் நன்றாக ஓடினால், கொஞ்சம் மாற்றி வேறு யாராவது போட்டுவிடுவதும் உண்டு.

மிஞ்சுவது பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரையும் கொண்டையராஜு தனியாக வைத்துக்கொள்ளவில்லை. டி. எஸ். சுப்பையா, ராமலிங்கம் முதலிய சீடர்கள் அவரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். படத்தின் ஓரத்தில் குருவின் பெயரும் இருக்கும், சீடரின் பெயரும் இருக்கும். குருவின் பெயர் மட்டும் இருந்தாலே படம் விற்றிருக்கும். சீடரின் பெயரையும் ஊர் அறிய வேண்டும் என்றால், அதை அச்சில் போட்டால்தான் உண்டு. பெரிய மனது இல்லாதவர் இதைச் செய்ய மாட்டார்.

பிள்ளை குட்டி இல்லாத அவருக்குச் சீடர்களே குடும்பம். 1976-ம் ஆண்டு அவர் காலமானார்.

காலண்டர் ஓவியம் என்றால் படித்தவர்கள் வெகு காலம் முகம் சுளித்தார்கள். கண்காட்சிக் கூடங்களில் அதற்கு இடம் இல்லை. கனடா நாட்டு அருங்காட்சியக ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் வந்து, இந்தப் படங்களைத் தேடிப் பார்த்து, கொண்டையராஜுவைப் பற்றி எழுதினார். வீட்டுக்குள் இருந்த பொருளின் அருமையை வெளியூர்க்காரர் வந்து சொல்ல வேண்டியிருந்தது!

ஜனங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. வருஷம் முடிந்ததும் தேதித் தாளை எறிந்தார்கள். படத்தை எறிய மனம் வரவில்லை. கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டினார்கள். சட்டம் போடுகிறவர் அளவுக்காகப் படத்தின் அடியை வெட்டுவார். முதலில் கடைக்காரர் பெயர் போகும். இன்னும் கொஞ்சம் வெட்டினால் அந்த இரண்டு கையெழுத்தும் போய்விடும். கரிசல் சீமையில் பழைய வீடுகளின் பூஜை அறைகளில் அப்படிப்பட்ட படங்கள் இன்றும் இருக்கின்றன. நெற்றியில் குங்குமம் இருக்கிறது. வரைந்தவர் பெயர்தான் இல்லை.