தையற்காரி தந்த தீர்ப்பு

வழக்கு மிகப் பழையது, தோழர்களே! காகிதம்போல் மெலிந்த ஒரு வெள்ளை ஓட்டைப் பற்றிய வழக்கு. உள்ளே குடியிருப்பது ஆர்கொனாட். நம் மீனவர் பேய்க்கணவாய் என்பார்களே, அதன் உறவு. ஓடு உடலோடு ஒட்டியிருக்கவில்லை. ஆகவே பிறர் வீட்டிலே புகுந்த திருடன் என்றது அறிஞர்களில் ஓரணி. சொந்த வீடே என்றது மறு அணி. வாதம் வளர்ந்தது. உயிரோடு வைத்துப் பார்த்தவர் யார்?

ஒரு பெண்! ழான் வில்ப்ரூ. 1794-ல் பிரான்சு நாட்டு ழுயாக் எனும் சிற்றூரில், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். 1812-ல் பாரிசுக்குப் புறப்பட்டார். 400 கிலோமீட்டருக்கு மேல், கால்நடையாக! அங்கே ஊசி பிடித்தார். 1816-ல் அரச குடும்பத்து மணமகள் உடுத்திய ஆடை அவர் கைவேலை. 1818-ல் சிசிலித் தீவின் மெசினா நகரில் ஜேம்ஸ் பவர் எனும் ஆங்கில வணிகரை மணந்தார். பட்டம்? இல்லை. பல்கலைக்கழகம்? இல்லை. தாமே படித்தார், தீவெங்கும் திரிந்து, செடியும் சிப்பியும் சேர்த்தார்.

செத்ததைச் சாராயப் புட்டியிலிட்டு ஆராய்ந்த காலம் அது. 1832-ல் அவர் கண்ணாடித் தொட்டி அமைத்தார், கடல்நீர் நிரப்பினார். ஆழமற்ற நீரில் வைக்கக் கூண்டுக்குள் ஒரு தொட்டி, கடலில் நங்கூரமிட்டு நிறுத்த ஒரு கூண்டு, இவையும் அவர் செய்தவை. இன்று மீன் காட்சிசாலையில் குழந்தைகள் மூக்கை அழுத்தி நிற்கும் கண்ணாடிச் சுவருக்கு முன்னோடி அந்தத் தொட்டி!

அதிலே கண்டதென்ன? முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஓடில்லை, பின்னர் வளர்ந்தது. ஓட்டை உடைத்துப் பார்த்தார். ஆர்கொனாட் தன் இரு அகன்ற கைகளால் ஓட்டைத் தழுவி, அவற்றில் சுரந்த பொருளால் உடைந்த இடத்தை அடைத்தது, கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதுபோல! தையற்காரியின் கண்ணுக்கு அது தப்புமா? அந்தக் கைகளைத்தான் அரிஸ்டாட்டில் காலந்தொட்டுப் பாய்மரம் என்று நம்பி வந்தனர்.

திருடனல்ல, வீட்டுக்காரனே என்பது மெய்யாயிற்று. கதானியா நகரத்து அறிவியல் கழகம் அவரை முதல் பெண் உறுப்பினராக ஏற்றது. 1839-ல் லண்டன் விலங்கியல் கழகத்திலே அவர் ஆய்வை எடுத்துரைத்தவர், பெரும்புகழ் பெற்ற ரிச்சர்டு ஓவன்.

ஆனால் கடல் கொடுத்ததைக் கடலே கேட்டது. சிசிலியிலிருந்து அனுப்பிய சேகரிப்பும், தாள்களும், படங்களும் கப்பலோடு மூழ்கின. பல்லாண்டு உழைப்பு! அதன் பிறகு அவர் பெரிய ஆய்வு எதிலும் இறங்கவில்லை.

1870-ல் பிரஷ்யப் படை பாரிசை வளைத்தபோது, பிறந்த ஊருக்கே திரும்பினார். 1871 ஜனவரியில் ழுயாக்கிலே கண்மூடினார். நூறாண்டுக்கு மேல் அவர் பெயரை அறிந்தோர் சிலரே. 1997-ல் வெள்ளிக் கோளின் பள்ளம் ஒன்றுக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது.