பாரதியை 10 வருடம் துரத்திய சி.ஐ.டி.! கடலூர் ஜெயிலில் 24 நாள்

கடலூர்—

சிதம்பரத்தில் பஸ் ஏறினால் கடலூர் வழியாகப் புதுச்சேரி போய் வரலாம். ஏன் போனாய், எதற்கு வந்தாய் என்று கேட்பார் இல்லை. ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் போலீசார் பையைத் துழாவினால், அது பாண்டிச்சேரி சரக்கைத் தேடித்தான்!

ஒரு காலத்தில் இந்த எல்லையில் போலீசார் ஒரு கவிஞருக்காகக் காத்திருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 10 வருடம்! அவர்தான் மகாகவி பாரதியார்.

ரகசிய போலீஸ்

நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால், இன்று தமிழ்நாட்டில் கியூ பிரிவு போலீசார் களத்தில் இறங்குவார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்த வேலையை சி.ஐ.டி. பார்த்தது. சென்னை மாகாணத்தில் 1906-ல் அந்தப் பிரிவு தொடங்கியது.

அதே 1906-ல்தான் "இந்தியா" வாரப் பத்திரிகையும் சென்னையில் தொடங்கியது. அதில் அனல் பறக்க எழுதியவர், எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதியார். அவர் எழுத எழுத, சி.ஐ.டி. படித்துப் படித்துக் குறிப்பு எடுத்தது.

தப்பினார்

1908-ல் வ.உ.சி.க்குக் கடுந்தண்டனை விழுந்தது. அடுத்து "இந்தியா" மீது போலீஸ் பாய்ந்தது. ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசன் கைது ஆனார். அடுத்த குறி யார் என்று ஊருக்கே தெரியும்.

நண்பர்கள் சொன்ன யோசனைப்படி பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். அது பிரெஞ்சுக்காரர் ஊர். சென்னை போலீஸ் அங்கே நுழைந்து கைது செய்ய முடியாது.

"இந்தியா" பத்திரிகை புதுச்சேரியில் அச்சாகத் தொடங்கியது. எல்லைக்கு இந்தப் பக்கம் அதைத் தடுத்தார்கள். வாங்குகிறவர் கைக்குப் போகாத பத்திரிகை எத்தனை நாள் ஓடும்? 1910-ல் நின்றுபோனது.

மணியாச்சியில் வெடி

1911 ஜூன் 17. மணியாச்சி ரெயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டார். போலீசின் கண் புதுச்சேரி மீது விழுந்தது. அங்கே பாரதியார் மட்டுமா? வ.வே.சு. அய்யர் இருந்தார், அரவிந்தர் இருந்தார்.

வேவுக்காரர்கள் தெருவில் சுற்றினார்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்று கணக்கு எடுத்தார்கள். பாரதியாரின் "ஆறில் ஒரு பங்கு" கதைப் புத்தகம் 1911-ல் தடை செய்யப்பட்டது. எழுதிப் பிழைக்கிறவருக்கு எழுத்தைத் தடுத்தால் அடுப்பு எப்படி எரியும்? வறுமை வாட்டியது.

அந்த வருடமே பிரெஞ்சு அரசு ஒரு கெடுபிடி கொண்டுவந்தது. அயலூர்க்காரர் அங்கே தங்க வேண்டுமானால் ஊர்ப் பிரமுகர்கள் 5 பேர் கையெழுத்துப் போட வேண்டும். போலீசுக்குப் பயந்து யார் போடுவார்கள்? கலவை சங்கரன் செட்டியார் முன்னால் நின்று 5 கையெழுத்தையும் வாங்கித் தந்தார்.

கிணற்றில் ஜாடி

இன்னொரு சதியும் நடந்தது. வ.வே.சு. அய்யர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது ஒரு ஜாடி வந்தது. உள்ளே ராஜதுரோகக் காகிதங்கள்! சிக்கவைப்பதற்காக யாரோ போட்டது.

எரித்துவிட்டால், சாட்சியை அழித்ததாகப் பழி வரும். பாரதியார் ஒரு வழி சொன்னார். ஜாடியை நாமே பிரெஞ்சு போலீசில் ஒப்படைத்துவிடலாம் என்றார். அப்படியே செய்தார்கள்.

பிரெஞ்சு மாஜிஸ்திரேட் அரவிந்தர் வீட்டைச் சோதனை போட்டார். வெடிகுண்டு இல்லை. கிரேக்க, லத்தீன் புத்தகங்கள்தான் கிடைத்தன. மரியாதையோடு திரும்பிப் போனார். பொய்ப் புகார் கொடுத்த ஆள் பிரிட்டிஷ் எல்லைக்கு ஓட்டம் பிடித்தான்!

கைது

1918 நவம்பர் 11-ல் முதல் உலக யுத்தம் முடிந்தது. 20-ந்தேதி பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையைத் தாண்டியதும் மடக்கினார்கள். கடலூர் ஜெயிலில் அடைத்தார்கள்.

என்ன குற்றம்? யுத்தத்துக்காக 1914-ல் போட்ட அவசரச் சட்டம் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து வருகிறவரைப் பிடித்து வைக்க அது போதும். கோர்ட்டில் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. யுத்தம் முடிந்தது, சட்டம் முடியவில்லை.

ஜெயிலில் இருந்து 28-ந்தேதி கவர்னர் பென்ட்லண்டுக்கு மனு எழுதினார். வெளியே அன்னி பெசன்ட், சி.பி.ராமசாமி அய்யர், "சுதேசமித்திரன்" ரங்கசாமி அய்யங்கார் ஆகியோர் முயற்சி எடுத்தார்கள். டிசம்பர் 14-ல் விடுதலை ஆனார்.

அது முழு விடுதலை அல்ல. திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்க வேண்டும். அரசியல் கூடாது. எழுதுவதையெல்லாம் சி.ஐ.டி. டி.ஐ.ஜி.க்குக் காட்டி, அவர் சரி என்ற பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

தமிழுக்குப் புது வழி காட்டியவரின் எழுத்தைப் போலீஸ் அதிகாரி பார்த்துத் தள்ளுவதா, கொள்ளுவதா என்று முடிவு செய்வது! அதற்கும் சம்மதித்துத்தான் வெளியே வந்தார். மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குப் போனார்.

1920-ல் தடை நீங்கியது. சென்னைக்கு வந்து மறுபடி "சுதேசமித்திரன்" பத்திரிகையில் சேர்ந்தார். ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1921 செப்டம்பரில் காலமானார். வயது 38.

விடவில்லை

செத்த பிறகும் போலீஸ் விடவில்லை. 1928-ல் அவர் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள். சட்டசபையில் சத்தியமூர்த்தி கண்டித்துப் பேசினார்.

நாடு விடுதலை அடைந்த பிறகு, 1949-ல், பாரதியார் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்குவதாக சென்னை அரசு அறிவித்தது. அப்போது அரசுக்குத் தலைமை வகித்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கடலூரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரர். அரசு பூட்டி வைத்த எழுத்து, அரசு கையாலேயே ஊருக்குப் பொதுவானது.