பல் மருத்துவ மேதை பிளாக்

பள்ளிப் பருவத்தில் குழுப் புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் நான் வாயை இறுக மூடிக்கொள்வேன். தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவன் நான். என் முன்பற்களில் பழுப்புக் கறை. பல் துலக்காதவன் என்று கேலி செய்தோர் பலர். உப்பும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன். ஈறு புண்ணானதே தவிர, கறை போகவில்லை. அக்கறைக்கும் அமெரிக்க மேதை ஒருவரின் முதுமைக் கால ஆராய்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்பதை நம் கல்லூரி நூலகத்தில்தான் அறிந்தேன். அவரே கிரீன் வார்டிமன் பிளாக்.

1836ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள், இலினாய் மாநிலத்தில் பிளாக் பிறந்தார். பள்ளிக்குச் சென்ற காலம் மிகக் குறைவு. மருத்துவரான அண்ணனிடம் மருத்துவமும், மற்றொருவரிடம் சிறிது காலம் பல் மருத்துவமும் பயின்றார். மற்றவையெல்லாம் அவர் தாமே கற்றவை. உள்நாட்டுப் போரில் பணியாற்றியபின் ஜாக்சன்வில் நகரில் தொழில் நடத்தினார். காலால் மிதித்து இயக்கும் துளைகருவியை உருவாக்கினார். பல்லை அடைக்கும் பாதரசக் கலவை சுருங்காமலும் விரியாமலும் இருக்க, உலோகங்களை எவ்வளவு சேர்க்கவேண்டும் என்பதை 1890களில் சோதனைகளால் கண்டறிந்தார். 1897 முதல் இறுதிவரை நார்த்வெஸ்டர்ன் பல் மருத்துவக் கல்லூரியின் முதல்வராக விளங்கினார். சொத்தைக் குழிகளை வகைப்படுத்தி அவர் 1908இல் வெளியிட்ட நூல், பல தலைமுறை மாணவர்க்கு வழிகாட்டியது.

சொத்தை மீண்டும் வராதிருக்க, அதைச் சுற்றியுள்ள நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டவேண்டும் என்பது அவர் விதி. காலம் அவ்விதியைத் திருத்தியது. 1940களில் இராபர்ட் பிளாக் என்னும் மற்றொரு பல் மருத்துவர், அலுமினிய ஆக்சைடுத் துகள்களைக் காற்றழுத்தத்தால் பாய்ச்சிப் பல்லைச் செதுக்கும் முறையைக் கொணர்ந்தார். பின்னாளில் பல்லோடு ஒட்டும் அடைப்புப் பொருள்கள் வந்தன. நல்ல பல்லை வெட்டும் தேவையும் குறைந்தது.

எழுபது வயதைக் கடந்தபின், 1909இல், மெக்கே என்ற இளம் மருத்துவரின் அழைப்பை ஏற்றுப் பிளாக் கொலராடோ சென்றார். அங்கே வளர்ந்த குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை! எந்த நூலிலும் விளக்கம் இல்லை. பற்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, பல் முளைக்கும் முன்பே எனாமலில் ஏற்படும் குறை அது என்று கண்டார். குறையுள்ள எனாமல் எளிதில் சொத்தையாகவேண்டும் அல்லவா? ஆனால் அவ்வாறு ஆகவில்லை! தம் எதிர்பார்ப்புக்கு மாறான அவ்வுண்மையை அவர் மறைக்கவில்லை. விடை அறியாமலேயே 1915இல் மறைந்தார். குடிநீரில் மிகுந்த ஃபுளூரைடே காரணம் என்பது 1931இல் வெளிப்பட்டது.

எங்கள் கிணற்று நீரின் குற்றமும் அதுவே. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன்பின் பிறந்து காவிரி நீர் குடித்து வளரும் என் தங்கையின் பற்கள் முல்லை அரும்புகள்!

நண்பர்களே, கறை என் சோம்பலின் சின்னமன்று. பட்டம் பெறும் நாளில் எடுக்கும் படத்தில் நான் வாய்விட்டுச் சிரிப்பேன். தாம் எழுதிய நூலில் இல்லாத ஒன்றைக் காண முதுமையிலும் புறப்பட்ட அம்மேதைக்கு அதுவே என் நன்றி.