எண்ணிக்கையில் சிக்காத மெண்டல்

ஓர் அறிஞரின் கட்டுரையைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டினர் என்று எண்ணி, அவருடைய செல்வாக்கை அளக்கிறார்கள். 1964-இல் அமெரிக்கர் யூஜின் கார்ஃபீல்டு வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணை இதற்கு வழிவகுத்தது. அந்த அளவுகோலை, பாடத்தில் படித்த கிரிகோர் மெண்டலுக்கு வைத்துப் பார்க்க எனக்கு ஆசை பிறந்தது.

மெண்டல் 1822-இல், அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் சிற்றூர் ஒன்றில் உழவர் குடியில் பிறந்தார். வறுமையோடு போராடிப் படித்தார். 1843-இல் புருன் நகரத் துறவியர் மடத்தில் சேர்ந்தார். 1850-இல் ஆசிரியர் தேர்வில் தோற்றார், ஆயினும் தளரவில்லை. 1856 முதல் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கலப்பினம் செய்து, பொறுமையாக எண்ணினார். இரண்டாம் தலைமுறையின் 1064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை; ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று!

1865-இல் அவர் சங்கமொன்றில் வாசித்த கட்டுரை, மறு ஆண்டு அச்சேறியது. அதைச் சுட்டியவர் மிகச் சிலரே. 1884-இல் மெண்டல் மறைந்தார். 1900-இல்தான் தெ விரீஸ், கோரன்ஸ், செர்மாக் ஆகியோர் வழியே உலகம் விழித்தது.

2005-இல் ஹிர்ஷ் வகுத்த எச் குறியீட்டில் பத்து என்ற மதிப்புப் பெற, பத்துக் கட்டுரைகள் பத்து முறையேனும் சுட்டப்பட வேண்டும். மரபியலுக்கே வித்திட்ட அந்த ஒரு கட்டுரை, எத்தனை ஆயிரம் முறை சுட்டப்பட்டாலும், அதற்குரிய மதிப்பு ஒன்றுதான்!

நண்பர்களே, மேற்கோள் எண்ணிக்கை ஒரு கட்டுரையைப் படித்துப் பயன்படுத்தியவர்களைக் காட்டும். படிக்கப்படாத உண்மையை அதனால் காட்ட இயலாது. பட்டாணியை எண்ணி உண்மை கண்டவரின் வாழ்வு எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.