தலைவர் என்ன தொழில் செய்கிறார்? காயிதெ மில்லத் வாழ்வு தரும் பாடம்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களிலும் அங்குள்ள நம் மஹல்லாக்களிலும் ஒரு நலச்சங்கம் தொடங்கப்பட்டால், முதலில் எழும் பேச்சு தலைவராக யாரைப் போடுவது என்பதுதான். வக்கீல் இருந்தால் அரசு அலுவலகங்களில் பேசுவார் என்பார்கள். ஆசிரியர் இருந்தால் மனு எழுதுவார் என்பார்கள். வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர் இருந்தால் அவரையே போட்டுவிடலாம் என்றும் சொல்வார்கள். மீன் ஏலம் எடுப்பவர், படகு வைத்திருப்பவர், இறால் வியாபாரி ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதுவும் நன்கொடை கேட்கும் நேரத்தில்!

ஒருவரின் தொழிலுக்கும் அவருடைய பொதுப்பணிக்கும் என்ன தொடர்பு? இதற்கு விடை தேடும் நாம், தமிழ் முஸ்லிம்கள் நன்கறிந்த ஒருவரின் வாழ்வைத் திரும்பிப் பார்ப்போம். அவர் கண்ணியத்திற்குரிய காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்). அரசியல் தலைவராகவே அவரை நினைவுகூர்கிறோம். அவர் ஒரு தோல் வணிகர் என்பதை நம் பிள்ளைகளில் பலர் அறிய மாட்டார்கள்.

1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் அவர் பிறந்தார். தந்தை மௌலவி மியாகான் ராவுத்தர் மார்க்கக் கல்வி கற்றவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளைக்குத் தாயாரே மார்க்கக் கல்வியின் அடித்தளத்தை இட்டார். பள்ளிப் பருவத்திலேயே பொதுப்பணி தொடங்கிவிட்டது. 1909இல், 13 வயதில், ஊரில் இளம் முஸ்லிம்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1918இல் உலமாக்களை ஒன்றிணைக்க மஜ்லிஸுல் உலமா அமைப்பை உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது 22. கையில் பட்டமும் இல்லை, பணமும் இல்லை.

திருநெல்வேலி, திருச்சி, சென்னை எனக் கல்லூரிப் படிப்பு தொடர்ந்தது. பி.ஏ. முடிக்க வேண்டிய கட்டத்தில், 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் படிப்பைத் துறந்தார். ஆங்கிலேய அரசில் உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியத்தோடு வாழும் வழி அத்துடன் அடைபட்டது.

அவர் வணிகத்திற்கு வந்தார். 1923இல் ஜமால் ஹமீதா பீயை மணந்தார். தோல் வணிகத்தில் பெரும் பெயர் பெற்றிருந்த ஜமால் முஹம்மது சாஹிபின் நிறுவனத்தில் பொறுப்பேற்றார். பின்னாளில் தோல் வணிகர்களின் அமைப்புகளிலும் முன்னணியில் நின்றார்.

அந்தக் காலத் தோல் வணிகம் எப்படி நடந்தது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஊர்ச் சந்தைகளில் வாங்கிய பச்சைத் தோல், வட ஆர்க்காட்டுப் பகுதித் தொழிற்கூடங்களில் ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிடப்படும். பிறகு சென்னை பெரியமேட்டு மண்டிகளுக்கு வந்து, கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போகும். தோல் வாங்கிய நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே மாதங்கள் ஓடும். அதுவரை வியாபாரம் நடப்பது நாணயத்தின் பேரில்தான். சொன்ன தேதி தவறினால், கணக்கில் ஒரு பிசகு நேர்ந்தால், அடுத்த சரக்கு வராது.

இந்த வணிகத்திலிருந்துதான் தமிழ்நாட்டு முஸ்லிம் கல்விச் சங்கங்களின் முதல் தலைமுறைத் தலைவர்கள் பலர் வந்தார்கள். வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1919இல் இஸ்லாமியா கல்லூரியைத் தொடங்கியபோது அதன் பின்பலமாக இருந்தவர்கள் தோல் வணிகர்கள். மேல்விஷாரத்து வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாஹிபும் தோல் வணிகரே. அல்லாமா இக்பால் 1929 ஜனவரியில் சென்னை வந்து உரையாற்றினார். அதற்குப் புரவலராக நின்றவர் ஜமால் முஹம்மது சாஹிப். இவர்கள் பொருள் கொடுத்தார்கள் என்பது அனைவருக்கும் தெரியும். வாக்குத் தவறாமை, கணக்கு, காத்திருக்கும் பொறுமை ஆகியவற்றையும் அவர்கள் சங்கங்களுக்குக் கொண்டுவந்தார்கள் என்றே நாம் கருதுகிறோம். இதில் வியப்பில்லை. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களும் துணி வணிகர்தானே!

காயிதெ மில்லத்துக்கு அவருடைய தொழில் மற்றொன்றையும் தந்தது. அவர் அரசு உத்தியோகத்தை நம்பி வாழவில்லை. எனவே, பதவி போய்விடுமே என்று அஞ்சிப் பேச்சைக் குறைக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. 1946 முதல் 1952 வரை சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். பிரிவினைக்குப் பின், முஸ்லிம் என்ற பெயரில் அமைப்பு நடத்தவே பலர் தயங்கிய நேரத்தில், 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாக முன்னின்றார். இறுதிவரை அதன் தலைவராக இருந்தார். அரசியல் நிர்ணய சபையில் முஸ்லிம் தனியார் சட்டத்தைப் பாதுகாக்கத் திருத்தம் கொண்டுவந்தார், அது தோற்றது. தனித் தொகுதி கேட்டார், அதுவும் தோற்றது. மொழி விவாதத்தில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்தார். தோற்ற பிறகும் கசப்பின்றி அதே அரசியல் சட்டத்திற்குள் நின்று பணியைத் தொடர்ந்தார்.

அவரைச் சுற்றி நின்றவர்களின் தொழில்களையும் பாருங்கள். பி. போக்கர் சாஹிபும் கே.எம். சீதி சாஹிபும் வழக்கறிஞர்கள். பாஃபக்கி தங்கள் கோழிக்கோட்டில் அரிசி வியாபாரம் செய்தவர். வழக்கறிஞர் சட்டத்தின் நுணுக்கத்தைப் பார்த்தார். வியாபாரி மக்களின் நாடியைப் பார்த்தார். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் நிரப்பினார். பட்டம் பெற்ற வழக்கறிஞர்கள், படிப்பைப் பாதியில் விட்ட ஒரு தோல் வணிகரைத் தலைவராக ஏற்றார்கள். அவரும் அவர்களின் அறிவைப் பயன்படுத்திக்கொள்ளத் தயங்கவில்லை.

மாநிலங்களவையில் 1952 முதல் 1958 வரை இருந்தார். பிறகு 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மஞ்சேரி மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினார்கள். அவர்கள் பேசியது மலையாளம், இவர் தமிழர். மொழியைக் கடந்து அந்த மக்கள் அவரிடம் கண்டது நம்பகத்தன்மையை. இத்தனை பதவிகளுக்கு இடையிலும் அவருடைய வாழ்க்கை எளிமையாகவே இருந்தது. முஸ்லிம்கள் ஊருக்கு ஊர் கல்லூரிகள் எழுப்ப வேண்டும் என்று ஊக்கமூட்டினார். சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951இல் பிறந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் அதிராம்பட்டினம், உத்தமபாளையம், மேல்விஷாரம், இளையான்குடி எனச் சிற்றூர்களிலும் கல்லூரிகள் எழுந்தன.

1972 ஏப்ரல் 5 அன்று அவர் வஃபாத்தானார். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். சென்னை அண்ணா சாலையில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அரசு மகளிர் கல்லூரியில் எல்லாச் சமுதாயப் பெண்பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

நம் ஊர்ச் சங்கங்களுக்கு இந்த வாழ்வில் பாடம் இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்பதை ஊரே முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. முறை தவறாமல், பிறர் பங்கில் கை வைக்காமல் பிழைப்பவர் யார் என்பது அந்த ஊருக்கே தெரியும். சங்கத்திற்குத் தலைவர் தேடும்போது அந்த அறிவை ஏன் பயன்படுத்தக் கூடாது? ஒருவர் தம் தொழிலில் கொடுத்த வாக்கைக் காக்கிறாரா, கூலியைக் குறையாமல் கொடுக்கிறாரா, கணக்கைக் கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுகிறாரா என்று பார்ப்போம். படகோட்டியானாலும் பட்டதாரியானாலும் இவை இருந்தால் அவரை முன்னிறுத்துவோம். எழுதத் தெரிந்தவரையும் சட்டம் தெரிந்தவரையும் அவருக்குத் துணையாக அமர்த்துவோம்.

அல்லாஹ் காயிதெ மில்லத்தின் மறுமை வாழ்வை ஒளிமயமாக்குவானாக. நம் சங்கங்களுக்கு நாணயமான தலைமையைத் தருவானாக. ஆமீன்.