சிரிக்காத முகம்

நுழையும்முன்

பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் வந்து, அறியாத முகங்களுக்கு நடுவே புதிய வகுப்பில் அமர்ந்த முதல்நாள் உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். பிறந்த நாள் முதலே ஊர் ஊராகச் சென்ற ஒரு சிறுவன், தனக்கென ஓர் ஊரோ பள்ளியோ வாய்க்காத நிலையிலும் உலகம் வியக்கும் கலைஞனாக உயர்ந்தான். அவன் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

பல்சுவை மேடை

வானொலியும் தொலைக்காட்சியும் தோன்றாத காலத்தில் அமெரிக்க மக்களின் மாலைப்பொழுதை மகிழ்வித்த கலைக்கு வாட்வில் என்று பெயர். அது நாடகமன்று, தொடர்கதையுமன்று. ஒரே மாலையில் எட்டு அல்லது ஒன்பது நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறும். பாட்டு, நடனம், மாயவித்தை, நகைச்சுவை உரையாடல், பழக்கிய விலங்குகளின் ஆட்டம் எனச் சுவைகள் மாறிக்கொண்டே இருக்கும். மக்கள் இருக்கை தேடி அமரும் சலசலப்பில் பேச்சு காதில் விழாது. ஆகவே, உடல்வித்தைக்காரர் முதலில் வருவர். பெரும்புகழ் பெற்றவர் இறுதிக்கு முந்திய இடத்தில் வருவார்.

இம்மேடைதான் திரைப்படத்திற்கும் தொட்டிலாயிற்று. 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று நியூயார்க் நகரின் பல்சுவை அரங்கு ஒன்றில், மேடை நிகழ்ச்சிகளோடு சேர்த்து அசையும் படங்கள் காட்டப்பட்டன. அதே ஆண்டு ஜூலை 7 அன்று மும்பை வாட்சன் விடுதியிலும் அசையும் படங்கள் திரையிடப்பட்டன. அப்படங்கள் ஒரு நிமிட அளவே ஓடுபவை. நாளடைவில் பல்சுவை மாலையின் நிறைவில் குறும்படம் காட்டுவது அமெரிக்க அரங்குகளில் வழக்கமாயிற்று. மேடையையும் திரையையும் ஒருங்கே ஆண்ட கலைஞர்களுள் தலைசிறந்தவர் பஸ்டர் கீட்டன்.

பயணத்தில் பிறந்தவர்

ஜோசப் ஃபிராங்க் கீட்டன் என்பது அவருடைய இயற்பெயர். 1895ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று, கான்சஸ் மாநிலத்தில் உள்ள பிக்வா என்னும் சிற்றூரில் பிறந்தார். அது அவர்தம் பெற்றோரின் ஊரன்று. தந்தை ஜோவும் தாய் மைராவும் ஊர் ஊராகச் சென்று மேடையேறும் கலைஞர்கள். பயணத்தின் நடுவே தாய்க்குப் பேறுகாலம் வந்த இடமே பிக்வா. பிறந்த ஊர் எதுவெனக் கேட்டால், அவர் சொல்லக்கூடியது தம் குடும்பம் தங்கிச்சென்ற ஊரின் பெயரைத்தான்.

குழந்தையாக இருந்தபோது மாடிப்படிகளில் உருண்டு விழுந்தும் காயமின்றி எழுந்தாராம். அதைக் கண்டு வியந்த மாயவித்தைக்காரர் ஹாரி ஹூடினி அவருக்குப் பஸ்டர் என்னும் செல்லப்பெயரை இட்டார் என்று அக்குடும்பத்தார் கூறிவந்தனர். பெருவீழ்ச்சி என்பது அக்காலப் பேச்சுவழக்கில் அச்சொல்லின் பொருள். பெயர் சூட்டியவர் எவராயினும், அப்பெயரே அவர் வாழ்க்கையின் சுருக்கமாக அமைந்துவிட்டது.

தூக்கி எறியப்பட்ட சிறுவன்

ஐந்து வயதில் பஸ்டர் பெற்றோருடன் முறையாக மேடையேறினார். மூன்று கீட்டன்கள் என்பது அவர்களுடைய நிகழ்ச்சியின் பெயர். அடங்காத மகனைத் தந்தை அடக்க முயல்வதே அதன் கரு. மகன் துடைப்பத்தால் தந்தையை அடிப்பான். தந்தை அவனைத் தூக்கி மேடையின் குறுக்கே எறிவார். பிடித்துத் தூக்க வசதியாகச் சிறுவனின் மேற்சட்டை முதுகில் பெட்டியின் கைப்பிடி ஒன்று தைக்கப்பட்டிருந்தது! மேடைத்திரையின்மீதும், சில வேளைகளில் இசைக்குழுவினர் அமரும் பள்ளத்திலும் அவன் போய் விழுவான். அரங்கம் சிரிப்பால் அதிரும்.

அவ்வயதிலேயே பஸ்டர் ஒன்றைக் கண்டுகொண்டார். விழுந்து எழுந்தபின் தாமும் சிரித்தால் மக்களின் சிரிப்புக் குறைகிறது. எதுவும் நிகழாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டால் சிரிப்புப் பெருகுகிறது. அன்றுமுதல் மேடையில் சிரிப்பதை விட்டுவிட்டார். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற அந்தச் சலனமற்ற முகம் இவ்வாறு உருவாயிற்று.

இந்நிகழ்ச்சியைக் கண்டு எல்லாரும் சிரிக்கவில்லை. குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் அமைப்பினர் முறையிட்டனர். சிறுவனின் உடலில் காயம் உண்டா என அதிகாரிகள் சோதித்தனர். நியூயார்க் நகரில் அக்குடும்பம் சிலகாலம் மேடையேற இயலாத நிலையும் வந்தது. அடிபடாமல் விழும் முறையைத் தாம் நன்கு கற்றிருந்ததாகவும், தம்மை எவரும் கொடுமை செய்யவில்லை எனவும் பஸ்டர் பிற்காலத்தில் கூறிவந்தார். எனினும், ஒரு பிள்ளையின் உழைப்பில் குடும்பம் வாழ்ந்தது என்பதும், அவருக்குப் பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை என்பதும் மறுக்க முடியாதவை. அவர் பள்ளிக்குச் சென்றது ஒரே ஒருநாள்தான் என்பர். பிள்ளையின் திறமையைப் போற்றும் அதே வேளையில், அவன் இழந்ததையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மிச்சிகன் ஏரிக்கரையில் மஸ்கீகன் என்னும் ஊருக்கு அருகே மேடைக்கலைஞர்கள் கூடி வாழ்ந்த குடியிருப்பு ஒன்று இருந்தது. 1908ஆம் ஆண்டுமுதல் கீட்டன் குடும்பம் கோடைக்காலத்தை அங்கே கழித்தது. மீன்பிடிப்பதும் பந்தாடுவதுமாக மற்றச் சிறுவர்களைப்போல் அவர் வாழ்ந்த காலம் அதுவே.

மேடையிலிருந்து திரைக்கு

ஆண்டுகள் செல்லச்செல்லத் தந்தையின் குடிப்பழக்கம் மிகுந்தது. ஒருவரையொருவர் எறிந்தும் பிடித்தும் ஆடும் ஆட்டத்தில் ஒரு நொடி பிசகினாலும் உயிருக்கே ஆபத்து. குடித்தவர் கையில் நொடி நிலைப்பதில்லை. 1917ஆம் ஆண்டு, தம் 21ஆம் வயதில் பஸ்டர் அந்நிகழ்ச்சியை விட்டு விலகினார். பெற்ற தந்தையை விட்டுப் பிரிவது அவருக்கு எளிதாக இருந்திருக்காது.

நியூயார்க்கில் வாரம் 250 டாலர் ஊதியத்தில் மேடைவாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அவ்வேளையில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படப்பிடிப்பைக் காணச் சென்றார். அங்கே அவரை ஈர்த்தது நடிப்பு மட்டுமன்று, படப்பிடிப்புக் கருவியுமாகும். அதன் உள்ளே என்ன இருக்கிறது, எப்படி இயங்குகிறது என்று பகுதி பகுதியாக ஆராய்ந்தார். மேடைவாய்ப்பைத் துறந்து, வாரம் 40 டாலருக்குத் திரைப்படத்தில் சேர்ந்தார். முதல் உலகப்போரில் படைவீரராகப் பிரான்சு சென்ற காலத்தில் அவருடைய செவித்திறன் குறைந்தது. அமெரிக்கா திரும்பியபின், 1920இல் தமக்கெனப் படப்பிடிப்புக் குழு ஒன்றைப் பெற்றார்.

அவ்வாண்டு வெளிவந்த ஒரு வாரம் என்னும் குறும்படம் ஏறத்தாழ 20 நிமிடம் ஓடுவது. புதுமணத் தம்பதியர்க்கு, பகுதிகளைப் பொருத்திக் கட்டிக்கொள்ளும் வீடு ஒன்று பரிசாகக் கிடைக்கிறது. பொறாமை கொண்ட ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றிவிடுகிறான். கோணல்மாணலாக எழுந்த அவ்வீடு புயலில் பம்பரம்போல் சுழல்கிறது. இறுதியில் தொடர்வண்டி மோதி நொறுங்குகிறது. தம்பதியர் அழவில்லை, விற்பனைக்கு என்னும் பலகையை இடிபாட்டின்மேல் வைத்துவிட்டுக் கைகோத்து நடக்கின்றனர். வீடென்று ஒன்று நிலையாக வாய்க்காமல் வளர்ந்தவருக்கே இத்தகைய முடிவு தோன்றும்.

ஒருவரே ஓர் அரங்கம்

1921ஆம் ஆண்டு படப்பிடிப்பின்போது பஸ்டரின் கணுக்கால் முறிந்தது. விழுவதையும் தாவுவதையும் தொழிலாகக் கொண்டவர் என்ன செய்வார்? கால் ஓய்ந்தபோது கற்பனையை ஓடவிட்டார். அவ்வாறு பிறந்ததே நாடக அரங்கு என்னும் குறும்படம்.

அதன் கதைக்களம் ஒரு பல்சுவை மாலை. பஸ்டர் நுழைவுச்சீட்டு வாங்கி அரங்கினுள் செல்கிறார். இசைக்குழுத் தலைவர் திரும்புகிறார்; அவரும் பஸ்டர். கருவி இசைப்போர் அனைவரும் பஸ்டர். மேடையில் ஆடுவோரும், இருக்கைகளில் அமர்ந்த முதியவரும் மூதாட்டியும் குறும்புச் சிறுவனும் பஸ்டரே! ஒரு காட்சியில் ஒன்பது பஸ்டர்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றனர்.

கணினி இல்லாத காலத்தில் இது எவ்வாறு முடிந்தது? வில்லையின் முன் மறைப்புகளை அமைத்து, ஒரு சிறு பகுதியை மட்டும் திறந்து படம்பிடித்தனர். பின்னர் அப்பகுதியை மூடி, படச்சுருளைத் தொடக்கத்திற்குத் திருப்பி, அடுத்த பகுதியைத் திறந்தனர். இவ்வாறு ஒரே சுருள் மீண்டும் மீண்டும் ஓடியது. அக்காலக் கருவியைக் கையால் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் வேகம் சிறிதும் மாறாமல் சுழற்றினார் ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி. தாளக்கருவியின் ஒலிக்கேற்ப இம்மியும் பிசகாமல் ஆடினார் பஸ்டர். ஒன்பதாம் முறை தவறினால் முந்தைய எட்டு முறை உழைப்பும் வீணாகும்.

இப்படத்தில் வெள்ளையர் முகத்தில் கருமை பூசி நடிக்கும் காட்சியும் உண்டு. கறுப்பின மக்களை இழிவுசெய்த அவ்வழக்கம் அன்றைய அமெரிக்க மேடைகளில் பரவியிருந்தது. கலையை வியக்கும் நாம், அக்காலத்தின் இக்குறையையும் அறிந்திருத்தல் நன்று.

விழுந்தவர் எழுந்தார்

1923ஆம் ஆண்டு முதல் பஸ்டர் முழுநீளப் படங்களில் கருத்தைச் செலுத்தினார். அவ்வாண்டு வெளிவந்த நமது விருந்தோம்பல் என்னும் படத்தில் தொடர்வண்டி ஓட்டுநராக நடித்தவர் வேறெவருமல்லர். அவருடைய தந்தை ஜோ. மேடையில் பிரிந்த மகன் திரையில் தந்தைக்கு இடமளித்தார். 1924இல் ஒரு படப்பிடிப்பின்போது நீர்த்தொட்டியிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் வீழ்த்தியது. கழுத்தெலும்பு முறிந்திருந்ததைப் பல ஆண்டுகளுக்குப்பின் எடுத்த கதிர்ப்படமே காட்டியது. 1928இல் வெளிவந்த மற்றொரு படத்தில் வீட்டின் முகப்புச்சுவர் முழுவதும் அவர்மேல் சாய்கிறது. திறந்திருந்த சாளரத்தின் இடைவெளி அவர் நிற்கும் இடத்தில் பொருந்த, அசையாமல் நிற்கிறார். அது தந்திரக் காட்சியன்று. உண்மையான சுவரே சாய்ந்தது. அத்தகைய ஆபத்தை நாம் ஒருபோதும் பின்பற்றலாகாது.

சுவரால் வீழ்த்த முடியாதவரை ஓர் ஒப்பந்தம் வீழ்த்தியது. 1928இல் அவர் எம்.ஜி.எம். என்னும் பெருநிறுவனத்தில் சேர்ந்தார். கதையையும் காட்சியையும் தாமே வகுக்கும் உரிமை மெல்ல மெல்லப் பறிபோயிற்று. பேசும்படம் வந்தது. 1932இல் மணமுறிவு ஏற்பட்டுத் தம் மைந்தர் இருவரையும் பிரிந்தார். தந்தையை அழித்த குடிப்பழக்கமே மகனையும் பற்றியது. 1933இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவரை வளர்த்த பல்சுவை மேடையும் அதே காலத்தில் மங்கியது. அதன் தலைமை அரங்காக விளங்கிய நியூயார்க் பேலஸ், 1932இல் திரைப்படக் கொட்டகையாக மாறியது.

எனினும் அவர் மீண்டார். குடியைக் கட்டுப்படுத்தினார். பிறர் நடிக்கும் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சிகளை வகுத்துத் தரும் சிறுபணியையும் இழிவாகக் கருதாமல் ஏற்றார். 1940இல் எலினார் நாரிசை மணந்தார். அவ்வில்லறம் இறுதிவரை நிலைத்தது. 1947இல் பாரிசு நகரின் மெட்ரானோ வட்டரங்கில் மீண்டும் மக்கள்முன் ஆடினார். லண்டன் பல்சுவை மேடையில் வளர்ந்த சார்லி சாப்ளினும் அவரும் 1952இல் வெளிவந்த லைம்லைட் படத்தில் முதிய மேடைக்கலைஞர்களாக இணைந்து தோன்றினர். மறைந்துபோன மேடைக்கு அதன் பிள்ளைகள் இருவர் செலுத்திய வணக்கமாகவே அக்காட்சியைக் கருதலாம்.

அவருடைய பழைய இல்லத்தை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே மறந்து கிடந்த படச்சுருள்களைக் கண்டெடுத்தார். பழைய படங்கள் மீண்டும் திரையேறின. 1960இல் சிறப்பு ஆஸ்கர் விருதும், 1965இல் வெனிசு திரைப்பட விழாவில் பெரும் வரவேற்பும் அவரை நாடிவந்தன. 1966ஆம் ஆண்டு பிப்ரவரி 1 அன்று, தம் 70ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

இன்றும் பல நாடுகளில் அவருடைய குறும்படங்களை உயிரிசையுடன் திரையிடுகின்றனர். பேசாப்படத்திற்கு மொழியெல்லை இல்லை; தமிழ்க் குழந்தையும் பஞ்சாபிக் குழந்தையும் ஒரே நொடியில் சிரிப்பர். ஊர்களும் அரங்குகளும் மாறிக்கொண்டே இருந்தன. கற்ற தொழில் மட்டும் அவருடன் சென்றது. மாணவர்களே, நீங்கள் எவ்வூருக்குச் சென்றாலும் உங்களுடன் வரக்கூடியது எது என்று எண்ணிப் பாருங்கள்.

சொல்லும் பொருளும்

கரு – மையக்கருத்து
சலனமற்ற – அசைவில்லாத
பிசகாமல் – தவறாமல்
வில்லை – படக்கருவியின் கண்ணாடிப் பகுதி
சாளரம் – சன்னல்
மைந்தர் – மகன்கள்

பயிற்சி

1. பல்சுவை மாலையில் உடல்வித்தைக்காரர் முதலில் மேடையேறியது ஏன்?
2. பஸ்டர் மேடையில் சிரிப்பதை விட்டதற்குக் காரணம் யாது?
3. ஒன்பது பஸ்டர்களை ஒரே காட்சியில் காட்டிய முறையை உம் சொற்களில் விளக்குக.
4. பிரித்து எழுதுக: பள்ளிப்படிப்பு, படச்சுருள், பெருவீழ்ச்சி.
5. சிறுவன் பஸ்டர் மேடையில் எறியப்பட்டது கலையா, கொடுமையா? இரு பக்கக் கருத்துகளையும் வகுப்பில் கலந்துரையாடுக.
6. நீங்கள் வாழ்ந்த ஊர்களுள் ஒன்றைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.